செங்கற் சாக்கடைக்குப் புது உள்ளுறை
பள்ளம் தோண்டாமல் பழைய குழாய்களைப் புதுப்பிக்கும் முறைகள்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரின் பழைய பகுதியில், டிராம் தண்டவாளம் பதித்த வீதிகளுக்கும் நெருக்கமான சந்துகளுக்கும் அடியில், சுமார் 180 கிலோமீட்டர் நீளத்திற்குச் செங்கற் சாக்கடைகள் செல்கின்றன. இவற்றுள் பெரியவற்றில் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சிறியவற்றினுள் தவழ்ந்து செல்வதற்கும் இடம் போதாது. இவற்றின் மூலத் திட்டத்தை வகுத்தவர் அந்நகரத்தின் எஞ்சினியராக விளங்கிய வில்லியம் கிளார்க் என்பவர். 1855-ஆம் ஆண்டில் அவர் சமர்ப்பித்த திட்டத்தின்படி 1859-இல் வேலை தொடங்கி, 1875-இல் நிறைவேறியது. பின்னர் நகரம் வளர வளரச் சாக்கடைகளும் நீண்டன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாமல் உழைத்த இக் கட்டடத்தை, வீதிகளைப் பிளக்காமலே எவ்வாறு மீண்டும் உறுதிப்படுத்த முடிந்தது என்பதையே இங்கு விவரிக்க முற்படுகிறோம்.

கிளார்க்கின் திட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஹூக்ளி நதி நகரத்திற்கு மேற்கே ஓடுகிறது. ஆனால் நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகவே அவர் நதியை விட்டுவிட்டு நிலத்தின் சரிவைப் பின்பற்றினார். கழிவு நீர் கிழக்கே பாமர் பாலத்தருகிலுள்ள இறைப்பு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து மேலேற்றப்பட்டு, வித்யாதரி என்னும் உப்பங்கழி ஆற்றை நோக்கிச் சென்றது. வித்யாதரி வண்டல் மண்டித் தூர்ந்து, 1928-இல் உயிரற்ற ஆறாக அறிவிக்கப்பட்டது; பிற்பாடு குல்தி ஆற்றுக்குப் புதிய வாய்க்கால் வெட்ட வேண்டியதாயிற்று. வழியிலுள்ள ஏரிகளில் அக் கழிவு நீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு முதல் அவ்வேரிப் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. அது தனியாக எழுதத் தகுந்த விஷயம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'சாக்கடை' என்றால் தெருவோரத்துத் திறந்த கால்வாயையும் குறிக்கும், நிலத்தடியில் மூடிச் செல்லும் குழாயையும் குறிக்கும். எஞ்சினியர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. சென்னையில் வீட்டுக் கழிவு நீருக்கு ஒரு குழாயும் மழை நீருக்கு வேறொரு கால்வாயும் என்று பிரித்தே அமைத்திருக்கிறார்கள். கல்கத்தாவின் பழைய பகுதியிலோ இரண்டும் ஒரே வழியில் செல்கின்றன. கோடையில் வீட்டுக் கழிவு மட்டும் மெல்லிய நீரோட்டமாக அடியில் ஓடும். ஆடி ஆவணி மாதங்களில் பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி வழியும். இவ்விரு நிலைகளுக்கும் பொருந்துமாறுதான் அக்காலத்தவர் சாக்கடையை முட்டை வடிவத்தில் கட்டினார்கள். முட்டையைக் கூரிய முனை கீழேயிருக்குமாறு நிறுத்தினால் எப்படியிருக்குமோ அப்படி. பொதுவாக உயரம் மூன்று பங்கெனில் அகலம் இரண்டு பங்கு. நீர் குறைந்த காலத்தில் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் நீரோட்டம் வேகம் குன்றாமல் சென்று, அழுக்கைத் தங்கவிடாமல் தள்ளிக்கொண்டு போகும்.

முதுமை எங்கே தொடங்குகிறது?

நீர் எந்நேரமும் உராயும் அடிப்பகுதிதான் முதலில் தேயும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. சாக்கடை பெரும்பாலும் சாவது தலையிலிருந்துதான். நீருக்கு மேலே, ஒருபோதும் நனையாதது போலத் தோன்றும் மேல்வளைவே முதலில் அரிக்கப்படுகிறது.

காரணம் இது. நீருக்கடியில், குழாயின் சுவரில் படிந்த கொழகொழப்பான படலத்தில், காற்றின்றி வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை கழிவு நீரிலுள்ள சல்பேட்டு உப்புக்களைச் சிதைத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. வாயு நீரைவிட்டு மேலெழுந்து, மேல்வளைவிலுள்ள ஈரத்தில் கரைகிறது. அங்கே வேறொரு வகைப் பாக்டீரியா காத்திருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும், இவ்வாயுவும் வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு அது கந்தக அமிலத்தைத் தயாரிக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துச் சாக்கடைகளை ஆராய்ந்த பார்க்கர் என்ற விஞ்ஞானி 1945-இல் இதனை நிரூபித்தார். அதற்கு முன்னர் காங்கிரீட்டின் அழிவுக்கு இரசாயனக் காரணம் மட்டுமே கூறிவந்தனர். உயிருள்ள ஒன்று அமிலம் காய்ச்சுகிறது என்பது புதிய செய்தியாக இருந்தது.

இவ்வமிலம் சிமெண்டையும் சுண்ணாம்பையும் தாக்கி, விரலால் வழித்தெடுக்கக் கூடிய ஜிப்சக் குழம்பாக மாற்றிவிடுகிறது. கடுமையான இடங்களில் காங்கிரீட்டுக் குழாய் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் மெலிந்துகொண்டே போகும். உஷ்ணம் மிகுந்த நம் நாட்டில் இவ்வேலை விரைவாகவே நடைபெறும். நன்கு சுட்ட செங்கல் அமிலத்தை ஓரளவு தாங்கும். அதனிடையேயுள்ள சுண்ணாம்புச் சாந்து தாங்காது. செங்கல் வளைவு நிற்பது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குவதால். சாந்து கரைந்து ஒரு கல் நழுவினால், அதன் அண்டைக் கற்களும் பிடியிழக்கின்றன. அத் துவாரத்தின் வழியே மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே பாயும்பொழுது சுற்றியுள்ள மண்ணையும் இழுத்து வருகிறது. வீதியின் தார்ப் பரப்புக்கும் சாக்கடைக்கும் நடுவே மெல்ல ஒரு வெற்றிடம் உண்டாகிறது. மேலே ஒன்றும் தெரியாது. பாரமேறிய லாரி ஒன்று வந்து நின்றபிறகுதான் தெரியும்.

அவ்வாறாயின் தோண்டியெடுத்துப் புதுக் குழாய் பதிக்கலாகாதா? புதிதாக உருவாகும் நகரத்தில் அதுவே எளிது. பழைய கல்கத்தாவிலோ சாக்கடை பல மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேலே தண்ணீர், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி ஆகிய யாவும் அடுக்கடுக்காகச் செல்கின்றன. அவற்றுள் எது எங்கே போகிறது என்பதற்குச் சரியான வரைபடம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வண்டல் மண்ணில் ஆழமான பள்ளம் வெட்டினால் இருபுறமும் முட்டுக்கொடுத்து, ஊறும் நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். நீரை இறைத்தால் அண்டை வீடுகளின் அஸ்திவாரம் தாழக்கூடும். இவையன்றிக் கடைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் நஷ்டத்தை எந்த மதிப்பீட்டிலும் ஒருவரும் எழுதுவதில்லை.

லண்டனில் ஒரு பரிசோதனை

பள்ளம் தோண்டாமல் குழாயைப் புதுப்பிக்கும் முறைகளுள் மிகப் பிரசித்தமானது 1971-இல் லண்டனில் பிறந்தது. அந்நகரின் ஹாக்னி வட்டாரத்தில் நூறாண்டு கடந்த ஒரு சாக்கடை இருந்தது. அதுவும் செங்கல்லால் ஆனது. அதுவும் முட்டை வடிவம். எரிக் உட் என்ற எஞ்சினியர் அதில் சுமார் 70 மீட்டர் நீளத்திற்குத் தமது யோசனையைப் பரீட்சித்தார். அந்த யோசனை காலுறையைத் திருப்புவதைப் போன்றது.

தடித்த, நெய்யாத துணியினால் சாக்கடையின் சுற்றளவுக்குச் சரியாக நீண்ட பையொன்று தைக்கப்படுகிறது. காற்றை வெளியேற்றிவிட்டு அதில் திரவ நிலையிலுள்ள பாலியெஸ்டர் பிசினை ஊறவைக்கிறார்கள். ஊறிய பை தானாகவே இறுகத் தொடங்கிவிடும் ஆகையால், பனிக்கட்டியிட்டோ குளிரூட்டிய வண்டியிலோ வேலையிடத்திற்குக் கொண்டு வருவார்கள். அங்கே மேன்ஹோல் எனப்படும் ஆளிறங்கு குழியின் வாயில் பையின் ஒரு முனையைத் திருப்பிக் கட்டி, அதனுள் தண்ணீரை ஊற்றுவார்கள். நீரின் பாரம் பையை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டே குழாயினுள் தள்ளிச் செல்லும். இதனால் பிசின் ஊறிய பக்கம் பழைய சுவருடன் ஒட்டுகிறது. வழவழப்பான பக்கம் உட்புறமாக அமைகிறது. பை அடுத்த குழியை எட்டியதும் உள்ளேயிருக்கும் நீரைக் கொதிகலத்தின் மூலம் சூடேற்றிச் சில மணி நேரம் சுழலவிட்டால் பிசின் கெட்டியாகிவிடும். மெல்ல ஆறவிட்டு இருமுனைகளையும் அறுத்தால், பழைய குழாய்க்குள்ளே மூட்டே இல்லாத புதிய குழாய் ஒன்று நிற்கும். வெந்நீருக்குப் பதிலாக நீராவியாலோ, புற ஊதாக் கதிர் விளக்குகளை உள்ளே இழுத்துச் சென்றோ இறுகச் செய்யும் வகைகளும் பின்னர் தோன்றின.

உட் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றது 1977-இல். ஹாக்னி சாக்கடையிலிருந்து பல ஆண்டுகள் கழித்து வெட்டியெடுத்த துண்டுகளைச் சோதித்தபொழுது அவை நல்ல வலிமையுடனேயே இருந்தன. ஆயினும் பிளாஸ்டிக் பொருள்கள் ஓயாத பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நெகிழும் இயல்புடையவை. ஆகவே நெடுங்கால விறைப்பு, ஆரம்ப விறைப்பில் பாதிதான் என்று வைத்துக்கொண்டு கனத்தைக் கணக்கிடுவது வழக்கம். கல்கத்தா போன்ற டெல்டாப் பிரதேசத்தில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு 4 மீட்டர் உயரத்தில் நின்றால், உள்ளுறையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 4 டன் பாரம் வெளியிலிருந்து அழுத்தும். மெல்லிய உறையாயின் உள்நோக்கிக் குழிந்துவிடும்.

கல்கத்தா கைக்கொண்ட வழி

ஆள் நுழையக்கூடிய பெரிய சாக்கடைகளுக்குக் கல்கத்தா மாநகராட்சி பிசின் பையைவிட வேறொரு முறையைப் பயன்படுத்தியது. கண்ணாடி இழைகளைப் பிசினில் பொதித்துச் செய்த உறுதியான உறைகளை, பழைய சாக்கடையின் வடிவத்திற்கே தொழிற்சாலையில் வார்த்து, துண்டு துண்டாக உள்ளே இறக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, உறைக்கும் பழைய செங்கல்லுக்கும் இடையேயுள்ள சந்தில் சிமெண்டுக் கூழைச் செலுத்துவதே அம்முறை. கூழ், இளகி நின்ற செங்கற்களின் இடுக்குகளிலும் பாய்ந்து அவற்றையும் பிணைக்கிறது. எனவே பழைய வளைவு தூக்கியெறியப்படவில்லை. அதுவும் பாரத்தில் தன் பங்கைச் சுமக்கிறது. 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் உதவியைக் கொண்டு பெரிய சாக்கடைகளும் ஆள் நுழைய முடியாத சிறிய சாக்கடைகளும் புதுப்பிக்கப்பட்டன.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். ஏற்கெனவே மழைக்காலத்தில் நிரம்பி வழியும் குழாய்க்குள் இன்னொரு குழாயை நுழைத்தால் இடம் குறையாதா? கிளார்க்கின் சாக்கடைகள் மணிக்குக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் அளவு மழைக்கே வகுக்கப்பட்டவை என்பர். வங்காளத்து மழை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே ஓர் அங்குல இடத்தையும் வீணாக்க இயலாது.

இதற்கு விடை, அயர்லாந்து எஞ்சினியர் ராபர்ட் மானிங்கின் பெயரால் வழங்கும் சூத்திரத்தில் இருக்கிறது. குழாயில் ஓடும் நீரின் அளவு அதன் அகலத்தை மட்டுமின்றி, சுவரின் சொரசொரப்பையும் பொறுத்தது. பழைய செங்கற் சுவரின் சொரசொரப்பு எண் 0.015 என்றும், வழவழப்பான உறையின் எண் 0.011 என்றும் கொள்வோம். 1200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழாயில் உறையும் கூழும் சேர்ந்து பக்கத்திற்கு 50 மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டால் விட்டம் 1100 ஆகக் குறையும். சுவர் மாறாதிருந்தால் நீர் செல்லும் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் வழவழப்பினால் கிடைக்கும் லாபம் அதை ஈடுசெய்து, முன்னைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு அதிகமாகவே நீர் செல்லும். இதே கணக்கை 300 மில்லிமீட்டர் குழாய்க்குள் 240 மில்லிமீட்டர் குழாயைச் செருகிப் போட்டுப் பார்த்தால், திறனில் நான்கில் ஒரு பங்கு நஷ்டம். இதனால்தான் சிறிய குழாய்களுக்குச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிசின் பையே உகந்தது என்கிறார்கள். இடம் சற்றும் போதாத இடங்களில், கூம்பு வடிவமான இரும்புத் தலையை உள்ளே இழுத்துப் பழைய குழாயை உடைத்து ஒதுக்கிவிட்டு, அதன் பின்னாலேயே பெரிய குழாயைப் பதிக்கும் முறையும் உண்டு. களிமண் குழாய்க்கு அது பொருந்தும். செங்கற் சாக்கடைக்குப் பொருந்தாது.

முதலில் உள்ளே போவது யார்?

உறை பொருத்தும் வித்தை எவ்வளவு நேர்த்தியானதாயினும், அதற்கு முன் குழாயைச் சுத்தம் செய்தாக வேண்டும். வண்டல் மேல் உறை படிந்தால் வண்டலின் வடிவமே நிரந்தரமாகிவிடும். பத்திரிகைகளில் உறையைப் பற்றிப் படிக்கிறோம். சுத்தம் செய்வதைப் பற்றி மனிதர் இறந்தபொழுதுதான் படிக்கிறோம். கூளமும் மணலும் சேறும் பல்லாண்டுகளாகக் கெட்டித்துக் கிடக்கும் குழாயே மிகக் கொடிய குழாய். சேற்றைக் கிளறியவுடன் அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு ஒரேயடியாக வெளிப்படுகிறது.

இவ்வாயுவின் குணத்தை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்கூட மூக்கு அதன் நாற்றத்தை உணரும். நூறு பங்கை எட்டினால் சிறிது நேரத்தில் மோப்ப நரம்பே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று இறங்குகிறவன் எண்ணும் தருணமே மிகப் பெரிய ஆபத்தின் தருணம். அளவு இன்னும் பன்மடங்காகுமாயின் ஒருசில மூச்சுக்களில் நினைவு தப்பிவிடும். இது காற்றைவிடக் கனமானது. ஆதலின் குழியின் அடியிலேயே தேங்கும். முதலில் இறங்கியவர் விழுந்ததைக் கண்டு, அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். இத்தகைய சம்பவங்களில் உயிரிழந்தோர் பெரும்பாலும் ஒருவராக இராமல் இருவர் மூவராக இருப்பதன் காரணம் இதுவே. ஈய அசிடேட்டில் நனைத்த காகிதத்தைக் கயிற்றில் கட்டிக் குழியினுள் தொங்கவிட்டால், இவ்வாயு இருக்குமாயின் காகிதம் கருத்துவிடும். இன்று கையடக்கமான மின்கருவிகளும் உண்டு. காகிதத்தின் விலை மிகச் சொற்பம். அதுவும் இன்றி மனிதரை இறக்கியிருக்கிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது!

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையில் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் சாக்கடையில் உயிரிழந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் அளிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சு 27-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை ஏற்பட்டதே, மரணம் நிற்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

குழாயினுள் மனிதர் செல்லாமலே சுத்தம் செய்வதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. மிகுந்த அழுத்தத்துடன் பின்னோக்கி நீரைப் பீச்சும் முனை, அந்த வேகத்தினாலேயே முன்னோக்கி ஊர்ந்து வண்டலைக் குழிக்கு இழுத்து வருகிறது. அங்கிருந்து உறிஞ்சு குழாய் பொருத்திய லாரி அதை வாங்கிக்கொள்கிறது. கெட்டித்த மணலுக்கு, இரு குழிகளின் மேலும் உருளை இயந்திரங்களை நிறுத்தி, நடுவே இரும்பு வாளியை இழுப்பார்கள். குழிகளையே தோண்டித் துப்புரவு செய்யும் இயந்திரம் ஒன்றைக் கேரளத்து இளம் எஞ்சினியர்கள் உருவாக்கினர். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. அதற்குப் 'பாண்டிகூட்', அதாவது பெருச்சாளி என்று பெயரிட்டது பொருத்தமே. பெரிய செங்கற் சாக்கடையில் உறைத் துண்டுகளைப் பொருத்த மட்டும் இன்னும் ஆட்கள் இறங்க வேண்டியிருக்கிறது. அப்பொழுது இருபுறமும் அணை கட்டிக் கழிவு நீரை மேலே வேறு குழாயால் திருப்பி, காற்றாடிகளால் இடைவிடாது காற்றைச் செலுத்தி, வாயுவை அளந்தபின்னரே இறங்க வேண்டும். மழையும் கழிவும் ஒன்றாகச் செல்லும் நகரத்தில் இதைக் கோடையிலும் பனிக்காலத்திலும்தான் செய்ய இயலும். எதிர்பாராத ஒரு மழை அணையையும் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

காலம் கடந்தால் உறை உதவாது என்பதையும் கூற வேண்டும். உள்ளுறைக்குப் பழைய குழாயே அச்சு. வெடித்திருக்கலாம், மெலிந்திருக்கலாம், சில கற்கள் உதிர்ந்திருக்கலாம். வடிவம் மட்டும் நின்றிருக்க வேண்டும். வளைவே சரிந்து மண் உள்ளே நிரம்பிவிட்ட இடத்தில் தோண்டுவதைத் தவிர வழியில்லை. ஆகவே சக்கரத்தில் ஓடும் சிறு காமிராவைக் குழாயினுள் அனுப்பி, எந்த மீட்டரில் என்ன பழுது என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் நகரமே இம்முறையின் பயனை அடைய முடியும். வீதி உள்வாங்கிய பின்னர் காமிராவை அனுப்பும் நகரத்திற்கு, அது காட்டும் படம் பெரும்பாலும் மண் குவியலாகவே இருக்கும். இந்தக் காமிராச் சோதனைக்கு ஆகும் செலவு, உறைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே. எனினும் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படுவது அதுதான். திறப்பு விழா நடத்த முடியாத வேலையல்லவா?

இன்னொரு நுணுக்கம் வீட்டு இணைப்புக்களைப் பற்றியது. பிசின் பை குழாயின் சுவர் முழுவதையும் மூடும்பொழுது, வழியில் வந்து சேரும் ஒவ்வொரு வீட்டின் குழாய் வாயையும் அடைத்துவிடுகிறது. இறுகிய உறையில் அவ்விடங்களில் சிறு பள்ளம் மட்டும் தெரியும். சக்கரமுள்ள வெட்டுக் கருவி ஒன்றைக் காமிராவுடன் உள்ளே அனுப்பி, மேலே வண்டியில் அமர்ந்திருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே அப்பள்ளங்களை ஒவ்வொன்றாக வெட்டித் திறப்பார். முன்னரே எடுத்த படத்தில் ஒவ்வோர் இணைப்பின் தூரமும் குறிக்கப்பட்டிருந்தால் வேலை எளிது. அனுமதியின்றி இரவோடிரவாகப் பொருத்திய இணைப்புக்கள் எந்தப் பதிவேட்டிலும் இரா. அவற்றுள் ஒன்று தவறிப்போயிற்று என்றால், அன்று மாலையே அவ்வீட்டார் நகராட்சி அலுவலகத்திற்கு வந்து நிற்பார்கள்.